விரிசலும் வயிறும்

வங்காள தேசத்துத் தலைநகர் டாக்காவுக்கு அருகே சவார். அங்கே ராணா பிளாசா எனும் எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று அதன் சுவரிலே விரிசல்! கீழே இருந்த வங்கி, ஊழியரை வீட்டுக்கு அனுப்பிற்று. மேலே ஆடை தைத்தோரோ மறுநாள் மீண்டும் அழைக்கப்பட்டனர். வராவிட்டால் மாதச் சம்பளம் இல்லை என்ற மிரட்டல் வேறு! அன்றைய குறைந்தபட்சச் சம்பளம் 3,000 டாக்கா. ஏறினர். இடிந்தது. 1,134 பேர் மாண்டனர்.

வங்கி ஊழியர் அறிந்த ஆபத்தைத் தையல் தொழிலாளி அறியாளா? அறிவாள்! வயிறன்றோ அவளை வாயிற்படி ஏறச் சொன்னது! ஏற்றுமதி ஏறுமுகம் என்று எக்களிப்போரே, அனுமதியின்றி எழுப்பிய மேல்மாடிகளும் அந்த வளர்ச்சியிலே சேர்த்தியோ?

அடுத்த மாதம் தொழிற்சங்கங்களும் அயல்நாட்டு ஆடை நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்தன. கட்டடச் சோதனை, தீத்தடுப்பு எல்லாம் அதிலே உண்டு. எனக்குப் பெரிதாய்த் தெரிவது வேறொரு விதி. ஆபத்தான கட்டடத்துள் நுழையத் தொழிலாளி மறுக்கலாம். அதற்காகக் கூலியைப் பிடித்தல் ஆகாது! ஏப்ரல் 24 காலையில் அவ்விதி அவளிடம் இல்லை.