பழைய பீரோவுக்குப் புதுச் சட்டை

 

இன்றைய பேச்சு இரும்பு பீரோவைப் பற்றியது. இரும்பு மேசை, இரும்பு நாற்காலி, கோப்பு வைக்கும் ராக்கை, எல்லாம் இதில் அடங்கும்.

நாம் பீரோ என்கிறோம். கன்னடக்காரர் பீரு என்கிறார். பிரெஞ்சு மொழியில் இதே சொல்லுக்கு எழுதும் மேசை என்று அர்த்தம். ஆபீஸ் என்றும் அர்த்தம். நம் பக்கம் வந்தபோது அது அலமாரி ஆகிவிட்டது!

மார்டள்ளி மாதிரி ஒரு பெரிய ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. பஞ்சாயத்து ஆபீஸ் இருக்கிறது. பால் சங்கம், அங்கன்வாடி எல்லாம் இருக்கும். எங்கே போனாலும் ஒரு மூலையில் பழைய இரும்பு பீரோ நிற்கும். சாம்பல் நிறம் அல்லது பச்சை நிறம். காலில் துரு. கதவில் கீறல். "இதை எடைக்குப் போடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். அந்தக் காலத்துத் தகடு பெரும்பாலும் கெட்டியான தகடு. மேலே உள்ள பெயின்ட் போயிருக்கும். உள்ளே இரும்பு நன்றாக இருக்கும்.

இந்த இரும்பு பீரோவுக்கு நம் நாட்டில் நூறு வயது ஆகிறது. பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் என்பவர் 1897-ல் பூட்டுத் தொழில் தொடங்கினார். அந்தக் கம்பெனி 1923-ல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. 1951-52-ல் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்கள் அதில் ஓட்டுப் போட்டார்கள். அதற்கு இரும்பு ஓட்டுப் பெட்டிகள் வேண்டியிருந்தன. 12 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகளை இதே கம்பெனி செய்து கொடுத்தது.

ஓட்டு என்றதும் விரலில் வைக்கும் மை ஞாபகம் வரும். அந்த மை எங்கே செய்கிறார்கள் தெரியுமா? நம் மைசூரில்தான். பன்னிமண்டபம் பக்கம் ஒரு பெயின்ட் தொழிற்சாலை இருக்கிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-ல் தொடங்கியது. காட்டு மரங்களில் அரக்குப் பூச்சி விடும் பிசின்தான் அதன் முதல் மூலப்பொருள். அந்த அரக்கிலிருந்து முத்திரை அரக்கும் வார்னிஷும் செய்தார்கள். பெயின்ட்டும் செய்தார்கள். 1962 பொதுத் தேர்தல் முதல் ஓட்டு மை செய்கிறார்கள். இன்று அது கர்நாடக அரசின் கம்பெனி. 1997 வரை மார்டள்ளியும் மைசூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அதன் பிறகு சாமராஜநகர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது?

இரும்பின் மேல் காற்றும் தண்ணீரும் சேர்ந்து பட்டால் துரு வரும். காற்று மட்டும் பட்டால், ஈரம் இல்லாவிட்டால், துரு வராது. உப்பும் சேர்ந்தால் சீக்கிரம் வரும். பெயின்ட் என்பது இரும்புக்குப் போட்ட சட்டை. தண்ணீரை உள்ளே விடாது. சட்டையில் ஒரு சின்னக் கிழிசல் விழுந்தால் போதும். ஈரம் அங்கே நுழையும். துரு உள்ளுக்குள்ளேயே பரவும். இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அதனால் பெயின்ட் கொப்புளம் போல எழும்பும். பிறகு செதில் செதிலாக உதிரும்.

ராமேஸ்வரம் போனவர்கள் பாம்பன் ரயில் பாலத்தைப் பார்த்திருப்பார்கள். 1914-ல் திறந்த பாலம். கடல் நடுவே, உப்புக் காற்றில் நின்ற இரும்பு. அரித்துப்போன பாகங்களை மாற்றினார்கள். திரும்பத் திரும்பப் பெயின்ட் அடித்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் அதில் ரயில் ஓடியது. 2022 டிசம்பரில்தான் ஓட்டத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தது. கடலில் நின்ற இரும்பே அத்தனை காலம் தாங்கியது. வீட்டு மூலையில் நிற்கும் பீரோ தாங்காதா?

பெயின்ட் வாங்கும் முன்பு பீரோவைச் சோதிக்க வேண்டும். கட்டை விரலால் காலையும் அடித்தட்டையும் அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் தகடு செத்துவிட்டது. அதற்குப் பெயின்ட் வைத்தியம் இல்லை. வெல்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பழைய பீரோவை விலைக்கு வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்து விற்பவர்கள் உண்டு. ஒரு சின்னக் காந்தம் கொண்டு போங்கள். இரும்பில் காந்தம் ஒட்டும். பட்டியில் ஒட்டாது.

இனி வேலை. முதலில் பீரோவைக் காலி செய்யுங்கள். கைப்பிடியைக் கழற்றுங்கள். சாவித் துளையைக் காகிதம் ஒட்டி மூடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். பல வருடங்கள் கை பட்ட எண்ணெய்ப் பிசுக்கு அதில் இருக்கும். பிசுக்கின் மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. கழுவியபின் வெயிலில் நன்றாகக் காய வேண்டும்.

அடுத்தது தேய்ப்பது. இதில்தான் பலர் சோம்பல் படுகிறார்கள். பெயின்ட் அடிப்பது இரண்டு மணி நேர வேலை. தேய்ப்பது ஒரு நாள் வேலை. தேய்க்காமல் அடித்த பெயின்ட் அடுத்த மழைக்காலத்தில் உரிந்து வரும்.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பிறகு உப்புத்தாள். உப்புத்தாளின் பின்பக்கம் ஒரு எண் அச்சடித்திருக்கும். 80 என்றால் சொரசொரப்பு அதிகம். 120 என்றால் அதைவிடக் குறைவு. 320 என்றால் நைசு. எண் கூடக் கூட நைசு கூடும். துருவுக்கு 80. கடைசித் தேய்ப்புக்கு 220 அல்லது 320. எண்ணைப் படித்துக் கேட்டு வாங்குங்கள். பளபளப்பாக உள்ள இடத்தையும் லேசாகத் தேய்க்க வேண்டும். வழவழப்பான இடத்தில் புதுப் பெயின்ட் பிடிக்காது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தப் பேச்சில் முக்கியமான இடம் இதுதான்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். நிறம் பளிச்சென்று இருக்கவும், சீக்கிரம் காயவும் ஈயம் கலந்தார்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் அதிகம். பழைய பிரைமரில் குரோமேட் என்ற நஞ்சும் இருக்கலாம். பெயின்ட் பீரோவின் மேல் ஒட்டியிருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. தேய்க்கும்போது தூளாகப் பறக்கும். தூள் தரையில் விழும். குழந்தை தரையில் தவழும். கையை வாயில் வைக்கும். ஈயம் உடம்புக்குள் போய்விடும்.

ஈயம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. காய்ச்சல் வராது. வலி இருக்காது. குழந்தை ஓடி விளையாடும். ஆனால் கவனம் நிற்காது. படிப்பு ஏறாது. "மக்கு" என்று அடி வாங்கும். ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். உடம்பில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது. உலக சுகாதார நிறுவனம் இதைச் சொல்கிறது. கர்ப்பிணியின் உடம்பில் உள்ள ஈயம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும்.

அதனால் பழைய பெயின்ட்டை வறட்டுத் தேய்ப்பு தேய்க்கக் கூடாது. வாட்டர் பேப்பர் என்று ஒரு கறுப்புத் தாள் கிடைக்கும். அதைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கும்போதும் மேலே தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். நெருப்பு வைத்துப் பெயின்ட்டை உரிக்கவே கூடாது. அந்தப் புகை நஞ்சு. வேலையை வீட்டுக்குள் செய்யாமல் வெளியே செய்யுங்கள். கீழே பழைய பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். விழுந்த சேற்றைத் துணியால் துடைத்து, தாளோடு சுருட்டிக் கட்டுங்கள். விளக்குமாறு போட்டுப் பெருக்க வேண்டாம். கிணற்றுப் பக்கமோ, ஏரிப் பக்கமோ கொட்ட வேண்டாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. வேலை முடிந்ததும் கை கழுவி, குளித்து, உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். அதன் பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும்.

ஈரத்தோடு தேய்த்த இரும்பை உடனே துடைத்துக் காய வையுங்கள். இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் மறுபடி துரு பூக்கும். காய்ந்த அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும். கடையில் "ரெட் ஆக்சைடு" என்று கேட்டால் கொடுப்பார்கள். அதன் செந்நிறம் எதிலிருந்து வருகிறது தெரியுமா? இரும்பு ஆக்சைடு. துருவும் கிட்டத்தட்ட அதே ஜாதிதான். துருவைத் தடுக்கத் துருவின் உறவுக்காரனையே காவல் வைக்கிறோம்! சிந்தூர நிறத்தில் ஈயப் பிரைமர் ஒன்று முன்பு இருந்தது. அது வேறு. அது வேண்டவே வேண்டாம்.

புதுப் பெயின்ட்டில் ஈயம் இல்லையா என்று கேட்கலாம். அதற்குச் சட்டம் இருக்கிறது. 2016-ல் மத்திய அரசு விதி போட்டது. 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. இதை டப்பாவின் மேலேயே அச்சிட வேண்டும். தொழிற்சாலைகளுக்கான பெயின்ட்டுக்கு இந்த விதி கிடையாது. அதனால் வீட்டு எனாமல்தான் வாங்க வேண்டும். டப்பாவில் ஆங்கிலம்தான் இருக்கும். ஆனால் 90 என்ற எண்ணை யாரும் படிக்கலாம்.

கடையில் இப்படிப் பேச்சு நடக்கலாம்.

"அண்ணா, பீரோவுக்கு எனாமல் பெயின்ட் வேணும்."

"டப்பா வேணுமாம்மா, சில்லறையா? சில்லறையா வாங்கினா விலை கம்மி."

"சில்லறை வேண்டாங்கண்ணா. டப்பாவே குடுங்க. 90-ன்னு போட்டிருக்கா பாக்கணும்."

"அதையெல்லாம் யாரும்மா பாக்கறா?"

"நான் பாக்கறேன். வீட்ல பேரப்பிள்ளை இருக்குது."

எவ்வளவு பெயின்ட் வாங்குவது? கணக்குப் போடலாம். பீரோ ஆறரை அடி உயரம், 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் பத்தொன்பதரை சதுர அடி. பின்பக்கமும் அதே. இரண்டு பக்கவாட்டும் சேர்ந்து பத்தொன்பதரை. மேல்பக்கம் நாலரை. மொத்தம் 63 சதுர அடி. இரண்டு தடவை பூச வேண்டும். ஆகவே 126. ஒரு லிட்டர் சுமார் 100 சதுர அடிக்கு வரும். ஒன்றேகால் லிட்டர் போதும். ஆள் சொல்கிற கணக்கோடு இதை ஒத்துப் பாருங்கள்.

பின்பக்கம் சுவரோடுதானே நிற்கிறது, அதற்கு எதற்குப் பெயின்ட் என்று விடுவார்கள். அது தவறு. சுவரின் ஈரம் முதலில் பின்பக்கத்தைத்தான் தின்னும். அடுத்தது கால். வீடு கழுவும் தண்ணீர் அங்கேதான் தேங்கும். காலுக்கடியில் ரப்பர் துண்டு வையுங்கள். பழைய செருப்பை வெட்டி வைத்தாலும் போதும்.

பெயின்ட்டை மெல்லிசாக அடிக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் கண்ணீர் மாதிரி வழியும். மேலே காய்ந்து உள்ளே காயாமல் சுருங்கும். ஒரு பூச்சு அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் 320 தாளை நனைத்து லேசாகத் தடவித் துடைத்து, இரண்டாம் பூச்சு. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம். தை, மாசி நல்ல காலம். உச்சி வெயிலிலும் பனி இறங்கும் நேரத்திலும் அடிக்கக் கூடாது.

டர்பன்டைன் சீக்கிரம் தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. பெயின்ட் துடைத்த துணியைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்வதும் உண்டு. அதைத் தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காய வைக்க வேண்டும். கையில் ஒட்டிய பெயின்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, பிறகு சோப்புப் போட்டால் போதும்.

பள்ளிக்கூடத்து பீரோ, பஞ்சாயத்து பீரோ என்றால் இன்னொரு விஷயம். பக்கவாட்டில் ஆபீஸ் பெயரும் ஒரு எண்ணும் எழுதியிருக்கும். அது இருப்புப் பதிவேட்டு எண். அதை அழித்துவிட்டால் அந்த பீரோ யாருடையது என்று பின்னால் வழக்கு வரும். எனவே பொறுப்பில் உள்ளவரிடம் அனுமதி வாங்குங்கள். தேய்க்கும் முன்பே எண்ணை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெயின்ட் காய்ந்தபின் அதே இடத்தில் அதே எண்ணை எழுதுங்கள்.

பெயின்ட் தொட்டால் ஒட்டாது என்பதற்காக உடனே புத்தகங்களை அடுக்க வேண்டாம். அட்டை ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் கதவைத் திறந்தே வைத்திருங்கள். வாசனை போனபின் அடுக்கலாம்.