மலைப் பயணத்திற்கு ஆயத்தம்



அசோக் நகரில் வாழும் பலரைப் போல நானும் சமவெளிக்குப் பழகிய கால்களை உடையவன். எங்கள் வட்டாரத்தில் நான் அண்ணாந்து நோக்கிய உயரம், சிங்கத் தலைகளைத் தாங்கி நிற்கும் அசோகத் தூண்தான். அத்தகைய நான், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில், நண்பர் மூவருடன் கோயம்புத்தூருக்கு மேற்கேயுள்ள வெள்ளியங்கிரி மலைக்குச் சென்றேன்.

பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளைக் கடந்து ஏறவேண்டும். என் தோள்பையில் மூன்று மாற்றுடைகள், கனத்த போர்வை, இரண்டு புத்தகங்கள், நிழற்படக் கருவி ஆகியவை இருந்தன. காலில், முதல்நாள் வாங்கிய புதுச் செருப்பணி. வெறுங்காலுடன், கையில் மூங்கில் தடியும் தோளில் சிறு துணிமூட்டையுமாக வந்த பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, வீட்டையே கட்டித் தூக்கியாந்துட்டீங்களா?" என்றார்.

மூன்றாவது மலையில் குதிகால் கொப்பளித்தது. ஆறாவது மலையில் கைவிளக்கு மங்கியது. மாற்று மின்கலம் எவரிடமும் இல்லை. இருளில் நண்பர் ஒருவர் கால் இடறி விழுந்தார். உச்சியில் வீசிய காற்றில், வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை பனிக்கட்டி போல் உடலில் ஒட்டியது. 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை குறையும் என்று பள்ளியில் படித்தவன்தான் நான். படித்ததைப் பைக்குள் வைக்க மறந்துவிட்டேன்.

இவற்றிற்கெல்லாம் பரிகாரம் எளிது. செருப்பணியைப் பல நாள் அணிந்து பழக்குங்கள். நிறைத்த பையுடன் பரங்கிமலைப் படிகளில் ஏறிப் பாருங்கள். வேண்டாத பொருள் எதுவென்று தோளே சொல்லிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அந்தச் சுமையை மட்டும் குறைக்கலாகாது. கனமான பொருளை முதுகையொட்டி வையுங்கள். உலர்ந்த மேலாடை ஒன்றை நனையாத உறையில் இட்டு வையுங்கள்.

ஆயினும், நான் செய்த பெரும்பிழை பையைச் சார்ந்ததன்று. அதனை 2018-ஆம் ஆண்டு எனக்கு உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னையிலிருந்து சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். அதுவும் மாசி மாதமே. காய்ந்த புல்லில் பற்றிய தீ, மேலுள்ள புல்லை முன்னரே சூடேற்றிக்கொண்டு சரிவில் விரைந்து ஏறும். மேல்நோக்கி ஓடும் மனிதனை எளிதில் எட்டிவிடும். வெறும் பாறையும் எரிந்து முடிந்த நிலமுமே அப்போது ஓரளவு புகலிடம்.

நாங்கள் நால்வரும் அதே பருவத்தில் மலை ஏறினோம். இரு பக்கமும் உலர்ந்து நின்ற புல்லைக் கண்டோம். அதன் அழகைப் படமும் எடுத்தோம். தீப் பற்றினால் எந்தப் பக்கம் செல்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. உயிருடன் திரும்பியது எங்கள் ஆயத்தத்தால் அன்று, அதிர்ஷ்டத்தால்.

ஆகவே, பையைத் திறக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் பருவத்தில் இந்த மலையின் இயல்பு என்ன? வனத்துறையின் அனுமதியும் வழியறிந்த துணையும் உண்டா? நாம் செல்லும் தடமும் திரும்பும் நேரமும் வீட்டாருக்குத் தெரியுமா? விடை கிடைக்காவிடில் பயணத்தைத் தள்ளிவையுங்கள். மலை எங்கும் போய்விடாது. அடுத்த பருவத்திலும் அங்கேயே நிற்கும்.