எத்தியோப்பியாவில் ஒரு மருத்துவத் தம்பதி



1959ஆம் ஆண்டில் டாக்டர் காதரின் ஹாம்லினும் அவர் கணவர் டாக்டர் ரெஜினால்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து எத்தியோப்பியாவுக்குச் சென்றார்கள். மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்க மூன்றாண்டு ஒப்பந்தம், அவ்வளவுதான்.

அங்கே அவர்கள் கண்டதென்ன? ஆஸ்பத்திரி எட்டாத மலைக்கிராமங்களில் இளம்பெண்கள் நாட்கணக்கில் பிரசவ வேதனையில் கிடந்தார்கள். வெளிவர முடியாத குழந்தையின் தலை அழுத்தி அழுத்தி, தாயின் சிறுநீர்ப்பையில் துளை விழுந்துவிடும். குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். பின்னர் சிறுநீர் நில்லாமல் ஒழுகும். கணவன் கைவிடுவான், ஊரார் ஒதுக்குவார்கள். சொல்லக் கூசும் செய்திதான். ஆனால், சொல்லக் கூசியதால்தானே அப்பெண்கள் குடிசை மூலையில் மறைந்து கிடந்தார்கள்! இத்தனைக்கும் அது தைத்து மூடக்கூடிய துளை.

ஒப்பந்தம் முடிந்தும் தம்பதியர் ஊர் திரும்பவில்லை. 1974இல் அடிஸ் அபாபா நகரில் இந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை கண்டார்கள். சிகிச்சை இலவசம்.

அவர்களிடம் நோயாளியாக வந்தவர் மாமிட்டு காஷே. எழுதப் படிக்கத் தெரியாதவர். குணமானபின் முதலில் படுக்கை விரித்தார். பிறகு அறுவைக் கூடத்தில் உதவினார். கடைசியில் தாமே அறுவை செய்யக் கற்று, பட்டம் பெற்ற டாக்டர்களுக்கே அதைக் கற்றுக்கொடுத்தார். எந்த மருத்துவக் கல்லூரியில் இப்படியொரு ஆசிரியையைப் பார்க்க முடியும்?

ரெஜினால்ட் 1993இல் மறைந்தார். காதரின் 2020இல், தமது 96ஆம் வயதில், அடிஸ் அபாபாவிலேயே கண்மூடினார். அதற்குமுன், 2007இல், மருத்துவச்சிகளுக்கு ஒரு கல்லூரியும் தொடங்கிவிட்டார். 1959இல் அவர்கள் புறப்பட்டுச் சென்றது அந்த வேலைக்குத்தானே!