பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை... ஆனா பாடம் இருக்கு!

(நமது தொழில்நுட்பப் பிரிவின் சார்பில் நடந்த மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். உங்க வீட்டிலோ தெருவிலோ பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை இருந்தா, அவசியம் படிக்கக் கொடுங்க.)



பத்தாம் வகுப்பு முடிச்சு பிளஸ் ஒன்னில் உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! அவர்களை இங்கே அழைத்து வந்திருக்கும் அம்மாக்களே, அப்பாக்களே!

இன்னைக்கு அரசியல் பேசப் போறதில்லை. அடுத்த பத்து மாசத்தை எப்படிச் செலவு பண்ணணும்னு மட்டும்தான் பேசப் போறேன். "பத்தாவதுல கஷ்டப்பட்டாச்சு, அடுத்து பிளஸ் டூவுல கஷ்டப்படணும், நடுவுல இந்த ஒரு வருஷம் ரெஸ்ட்"னு ஒரு பேச்சு ஓடுது. போன தலைமுறையில் பல பேரைக் காலி பண்ணினதே இந்தப் பேச்சுதான்.

முதலில் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். தமிழ்நாட்டில் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு 2017-18 கல்வியாண்டில் வந்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில். ஏன் கொண்டு வந்தாங்க? பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஓரமா வச்சுட்டு, பதினோராம் வகுப்பிலேயே பிளஸ் டூ புத்தகத்தை நடத்திக்கிட்டிருந்தாங்க. ஒரே புத்தகத்தை ரெண்டு வருஷம் உருப்போட்டா மார்க் வராம எங்க போகும்? அதைத் தடுக்கத்தான் அந்தத் தேர்வு. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் அந்தப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. 2025-26 முதல் பிளஸ் ஒன்னுக்குப் பள்ளி அளவிலான தேர்வுதான்.

பதினாறு வயசுப் பிள்ளைக்கு மூணு வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு பெரிய பாரம். அது இறங்கினது நல்லதுதான். ஆனா பாரம் இறங்கினதால பாடமும் இறங்கிடுச்சுன்னு நினைச்சிடாதீங்க.

நான் பிளஸ் ஒன் படிச்சது 2016-17. பொதுத்தேர்வு இல்லாத கடைசி பேட்ச் நாங்கதான். நான் படித்த தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் புத்தகத்தைக் கடமைக்கு ரெண்டு மாசம் புரட்டினாங்க. ஆகஸ்ட்லயே பிளஸ் டூ புத்தகம் கைக்கு வந்திடுச்சு. எல்லாருக்கும் நல்ல கட்-ஆஃப் வந்துச்சு, காலேஜும் கிடைச்சது. 2018-ல் பொறியியல் முதல் செமஸ்டர். கணக்கு வகுப்புல முதல் யூனிட்டே ஃபங்ஷன், லிமிட், டிஃபரன்சியேஷன். "இது பிளஸ் ஒன்லயே படிச்சிருப்பீங்க"ன்னு சொல்லிட்டு ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போயிட்டார். பிளஸ் டூ கணக்குல 200-க்கு 190 வாங்கினவங்க திருதிருன்னு முழிச்சோம். எங்க வகுப்பில் ஒரு நண்பன், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிச்சவன். அவனுக்கு பிளஸ் ஒன் கணக்கை ஒழுங்கா நடத்தியிருந்தாங்க. அந்த செமஸ்டர் முழுக்க ஹாஸ்டல்ல எங்களுக்கு டியூஷன் எடுத்தது அவன்தான்.

பிளஸ் ஒன் பாடம் எங்கெல்லாம் திரும்பி வருது?

பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இது பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்துக் கணக்கிடுவது. அதனால "பிளஸ் ஒன் எதுக்கு?"ன்னு கேட்பீங்க. பதில் பிளஸ் டூ புத்தகத்துக்குள்ளேயே இருக்கு.

பிளஸ் டூ இயற்பியலில் முதல் பாடம் நிலைமின்னியல். அதில் வெக்டரும், வேலையும், நிலை ஆற்றலும் வரும். மூணும் பிளஸ் ஒன். மாறுதிசை மின்னோட்டம் புரியணும்னா அலைவுகள் பாடம் தெரியணும். அதுவும் பிளஸ் ஒன். வேதியியலில் மோல் கணக்கு பிளஸ் ஒன் முதல் பாடம். அது தெரியாம செய்முறைத் தேர்வுல டைட்ரேஷன் கணக்கே போட முடியாது. கரிம வேதியியலில் பெயரிடும் முறையும், வினை எப்படி நடக்குதுங்கிற அடிப்படையும் பிளஸ் ஒன்லதான். பிளஸ் டூ கணிதத்தில் வகைநுண்கணிதத்தின் பயன்பாடுகள் வரும். வகையிடுறதே தெரியாம பயன்பாட்டை என்ன பண்றது?

வணிகவியல் குரூப் தம்பிகளே, உங்களுக்கும் இதே கதைதான். பற்று வரவு, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் பிளஸ் ஒன்ல. பிளஸ் டூவில் கூட்டாண்மைக் கணக்குகள், நிறுமக் கணக்குகள். குறிப்பேட்டுப் பதிவே தடுமாறினா கூட்டாளி சேர்ப்பு, விலகல் கணக்கெல்லாம் தலைக்கு மேல போயிடும். கணினி அறிவியலில் பிளஸ் ஒன்ல சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூல பைத்தான். லூப்பும் ஃபங்ஷனும் ஒரு மொழியில் புரிஞ்சா, அடுத்த மொழியில் எழுத்துமுறை மட்டும்தான் புதுசு.

நுழைவுத் தேர்வுகளில் இன்னும் நேரடியா வரும். நீட் 720 மார்க், 180 கேள்வி. ஜேஇஇ மெயின் 300 மார்க். ரெண்டுக்கும் பதினொன்று, பன்னிரண்டு ரெண்டு வகுப்புப் பாடமும் சேர்ந்ததுதான் பாடத்திட்டம். நீட் வேணுமா வேண்டாமாங்கிறது மேடையில், மன்றத்தில் பேச வேண்டிய அரசியல். அதைப் பேசுறவங்க பேசட்டும். ஆனா தேர்வு நடக்கிற வரைக்கும், பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாத பிள்ளை பாதிக் கேள்வித்தாளைக் கையில் வாங்கும்போதே இழந்திடுது. இதுதான் நிஜம்.

காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி நடத்தாட்டி கோச்சிங் சென்டர் நடத்தும். நம்ம வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மட்டும்தான். பிளஸ் ஒன்னை ஓய்வு வருஷமா ஆக்கினா நஷ்டம் யாருக்குன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

பிளஸ் ஒன்ல மட்டும் எழுதக்கூடிய இரண்டு தேர்வுகள்

இது நிறைய பேருக்குத் தெரியறதில்லை. நல்லா கவனிங்க.

ஒன்று, தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறவங்களுக்கு. 500 மாணவர், 500 மாணவியர், மொத்தம் 1000 பேரைத் தேர்ந்தெடுப்பாங்க. மாதம் 1000 ரூபாய் வீதம் ஒரு கல்வியாண்டுக்கு 10,000 ரூபாய், இளநிலைப் பட்டம் முடிக்கிற வரைக்கும். கேள்விகள் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணிதம், அறிவியல், சமூக அறிவியலில் இருந்து.

இரண்டு, தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 1500 பேருக்கு மாதம் 1500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு. இதில் 50 சதவீதம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. மீதி இடங்களுக்குத் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் போட்டியிடலாம். கேள்விகள் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தின் அளவில்.

ரெண்டையும் பிளஸ் ஒன்ல விட்டா அடுத்த வருஷம் எழுத முடியாது. பள்ளி வழியாத்தான் விண்ணப்பிக்கணும். அறிவிப்பு வந்துச்சான்னு வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கிட்டே இருங்க. பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க!

டிசி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

பெற்றோர்கள் இதை மனசுல வச்சுக்கோங்க. பத்தாவதுல நல்ல மார்க் வாங்கின அரசுப் பள்ளிப் பிள்ளையை "ஃபீஸ் வேண்டாம், எங்க பள்ளியில் சேருங்க"ன்னு தனியார் பள்ளிகள் கூப்பிடுவாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிவானது. இதைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிச்சிருக்கணும். பிளஸ் ஒன்ல பள்ளி மாறினா அந்தத் தகுதி போயிடும். ரெண்டு வருஷ ஃபீஸை மிச்சம் பிடிக்கப் போய், நாலு வருஷக் கல்லூரிக் கட்டணத்தைக் கையில் இருந்து கட்ட வேண்டி வரலாம். முடிவு உங்களுடையது. தெரிஞ்சு எடுங்க.

சரி, தினமும் என்ன பண்ணணும்?

பெரிய டைம் டேபிள் எல்லாம் வேண்டாம். போட்டா மூணு நாள்தான் தாங்கும். சின்னதா நாலு பழக்கம் போதும்.

1. அன்னைக்கு நடத்தின பாடத்தை அன்னைக்கு ராத்திரியே ஒரு தடவை புரட்டுங்க. ஒரு பாடத்துக்கு 20 நிமிஷம். புரியாத இடத்தில் பென்சில்ல ஒரு கோடு போட்டு, மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்க. கேட்க வெட்கமா இருந்தா பக்கத்து பெஞ்ச் நண்பனைக் கேளுங்க.

2. கணக்கைப் பார்த்துப் படிக்காதீங்க, போட்டுப் படிங்க. தினமும் அஞ்சு கணக்கு. திரிகோணமிதிச் சூத்திரங்களுக்கும் வகையீட்டுச் சூத்திரங்களுக்கும் ஒரு சின்ன நோட்டு. அந்த நோட்டு பிளஸ் டூ முடியற வரைக்கும், பொறியியல் போனா அங்கேயும் கூட வரும்.

3. சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் அந்த வாரப் பாடத்தின் பின்பக்கக் கேள்விகள். அதில் நிற்காம உள்ளே இருக்கும் வரிகளையும் படிங்க. நுழைவுத் தேர்வுக் கேள்வி உள் வரியிலிருந்துதான் வரும்.

4. ஆங்கிலத்தில் தினமும் ஒரு பக்கம் சத்தமா வாசிங்க. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்றேன். கல்லூரிக்குப் போன முதல் மாசத்தில் தடுக்குறது பாடம் இல்லை, பாஷைதான். ஒரு வருஷம் தினமும் ஒரு பக்கம் வாசிச்சா அந்தப் பயம் போயிடும்.

பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தை வேகமா ஓட்டிட்டாங்கன்னா கையைக் கட்டி உட்காராதீங்க. பாடநூல்கள் இணையத்தில் இலவசமா இருக்கு. பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாடக் காணொளிகள் இருக்கு. கல்வித் தொலைக்காட்சி இருக்கு. ரீல்ஸுக்குப் போற டேட்டாவில் பாதி போதும்.

எங்கே போகப் போறீங்க?

டாக்டர், என்ஜினியர் ரெண்டு கதவு மட்டும் இல்லை. சட்டம் படிக்கணுமா? தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் தேர்வு. கட்டிடக்கலைக்கு நாட்டா. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களுக்கு 2022 முதல் கியூட். அறிவியல் ஆராய்ச்சிக்கு ஐசர் நிறுவனங்கள். கணிதத்தில் வெறி இருந்தா சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம். ராணுவ அதிகாரி ஆகணும்னா என்டிஏ. ராணுவப் பிரிவுக்கு எந்த குரூப் படிச்சவங்களும் எழுதலாம். 2021 நவம்பர் தேர்விலிருந்து பெண்களும் எழுதுறாங்க. இதுக்கெல்லாம் விண்ணப்பம் பிளஸ் டூ படிக்கும்போதே வந்திடும். அந்த நேரத்துல யோசிக்க அவகாசம் இருக்காது. பெயர் தெரிஞ்சுக்க, பழைய கேள்வித்தாளை ஒரு தடவை பார்க்க, பிளஸ் ஒன்தான் சரியான காலம்.

சான்றிதழ் வேலையை இப்பவே முடிங்க

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கலைன்னா முதல் பட்டதாரிச் சான்றிதழ். மத்திய அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கிற பிசி, எம்பிசி பிள்ளைகளுக்குத் தனியா ஓபிசி சான்றிதழ். ஆதாரில் ஒரு எழுத்து, மார்க் ஷீட்டில் ஒரு எழுத்துன்னு இருந்தா இப்பவே இ-சேவை மையத்துக்குப் போய்த் திருத்துங்க. கலந்தாய்வு நேரத்துல ஒரு இனிஷியலுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிற அப்பாக்களை வருஷா வருஷம் பார்க்கிறோம்.

கடைசியா நம்ம தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு நாளைக்கு எத்தனை பதிவு போடுறோம், எத்தனை ஃபார்வர்டு பண்றோம்! இந்த மாசம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க தெருவில் பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பிள்ளையைத் தேடிப் பிடிங்க. மேலே சொன்ன ரெண்டு உதவித்தொகைத் தேர்வு பற்றிச் சொல்லுங்க. சான்றிதழ் விண்ணப்பிக்க உதவி பண்ணுங்க. அந்த வீட்டில் யாருக்கு ஓட்டுன்னு கேட்க வேண்டாம்.

தம்பி, தங்கைகளே! இந்த வருஷம் உங்களை மதிப்பெண் போட்டு ஊருக்குச் சொல்ல யாரும் வரப் போறதில்லை. பயமில்லாம தப்பு பண்ணி, திருத்தி, திரும்பப் போட்டுப் பார்க்கப் பள்ளி வாழ்க்கையில் கிடைச்சிருக்கிற வருஷம் இது. அரசு கொடுக்கிற சைக்கிள் கையில் வரப் போகுது. நல்லா ஓட்டுங்க. ஆனா புத்தகப் பை பின்னாடி இருக்கட்டும்.



படிச்சு முடிச்சவங்க ஒரு பிளஸ் ஒன் பெற்றோருக்காவது பகிருங்கள்.

#பிளஸ்ஒன் #கல்வியேநம்ஆயுதம்