காதுக்குள் ஓயாத இரைச்சல், வெளியே ஓயாத சத்தம்



இந்தக் கருத்தரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு காதிரைச்சலும் அன்றாடச் சத்தமும். கோலா சாவா போன்ற தோட்டப்புறத்தில் சத்தத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது, பட்டணத்தில் போய்ப் பேசலாமே என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். தோட்டம் அமைதியான இடம் என்பது தோட்டத்தில் வாழாதவர்களின் எண்ணம். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் மோட்டார் சைக்கிள்கள், செம்பனைக் குலை ஏற்றிப் போகும் டிராக்டர், புல் வெட்டும் மிஷின், பக்கத்து வீட்டு ரேடியோ, திருவிழா வந்தால் ஒலிபெருக்கியும் உருமி மேளமும். இவற்றை நாம் பழகிவிட்டோம். பழக முடியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

வெளியே எந்தச் சத்தமும் இல்லாதபோதும் காதுக்குள் வண்டு ரீங்காரமிடுவது போல, விசில் ஊதுவது போலக் கேட்டுக்கொண்டே இருப்பதைக் காதிரைச்சல் என்கிறோம். சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் கர்ணநாதம் என்பார்கள். இது அபூர்வ நோயன்று. 2022-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி உலகில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய 14 விழுக்காட்டினருக்கு இது ஏதோ ஓர் அளவில் உண்டு. வாழ்க்கையையே குலைக்கும் அளவுக்குக் கடுமையாக இருப்பது 2 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். அந்தச் சிலரில் ஒரு பிரிவினருக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. வெளியே கேட்கும் சாதாரணச் சத்தமே உள்ளே இருக்கும் இரைச்சலைக் கிளப்பிவிடும். எவர்சில்வர் தட்டு கீழே விழுந்தால் போதும். தட்டின் சத்தம் ஒரு நொடியில் அடங்கிவிடும், காதுக்குள் அது கிளப்பிய இரைச்சல் இரவு வரை அடங்காது.

இது ஏன் என்று கேட்கலாம். நிகழ்ச்சி நடத்தும்போது நாங்கள் காதில் ஒரு சிறு கருவியை மாட்டிக்கொள்வோம். தயாரிப்பாளரின் குரல் அதில்தான் வரும். குரல் மெலிந்தால் ஒலியைக் கூட்டச் சொல்வோம். கூட்டினால் குரலோடு சேர்ந்து 'உஸ்' என்ற இரைச்சலும் கூடும். மூளையும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். உட்செவியில் மயிரிழை போன்ற நுண்ணணுக்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பெருஞ்சத்தத்தில் அவை செத்துப்போனால் திரும்ப முளைப்பதில்லை. காதிலிருந்து வரும் செய்தி குறையக் குறைய, மூளை தன் பக்கத்தில் ஒலியைக் கூட்டிக்கொள்கிறது. இல்லாத சத்தம் கேட்பதும், இருக்கும் சத்தம் பெரிதாய்க் கேட்பதும் அதனால்தான்.

சத்தம் மட்டும் காரணமன்று. காதுக் குரும்பி அடைத்தாலும், சீழ் பிடித்தாலும் இரைச்சல் வரும். சில மருந்துகளாலும் வரும். மலேரியா காலத்தில் தோட்டங்களில் கொடுக்கப்பட்ட கொயினா அளவுக்கு மீறினால் காது இரையும். காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி காதையே கெடுத்துவிடக்கூடியது. ஆகவே முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்க் காதைக் காட்டுங்கள். நம் நாட்டுக் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு ரிங்கிட்தான். தேவைப்பட்டால் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து அடிக்கும் இரைச்சல் என்றால் தள்ளிப்போட வேண்டாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே போங்கள். அதற்கான சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். தேங்காய் எண்ணெயைக் காய்ச்சிக் காதில் விடுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது வேறு வினையில் முடியும்.

சோதனையெல்லாம் முடிந்து "பயப்பட ஒன்றுமில்லை, பழகிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டால்? எப்படிப் பழகுவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

சத்தம் வேதனை தரும்போது எல்லாரும் முதலில் செய்வது காதில் பஞ்சு வைப்பது. வீட்டிலும் பஞ்சு, கடைக்குப் போனாலும் பஞ்சு, தூங்கும்போதும் பஞ்சு. அமெரிக்காவில் ஃபார்ம்பி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2003-இல் வெளியிட்ட சோதனை ஒன்றைச் சொல்கிறேன். காது நன்றாக இருக்கும் சிலரை இரண்டு வாரம் காதடைப்பானோடு இருக்கச் செய்தார்கள். அதேபோல் இரண்டு வாரம் மெல்லிய இரைச்சல் தரும் சிறு கருவியை அணியச் செய்தார்கள். காதை அடைத்திருந்தபோது சத்தத்தைத் தாங்கும் சக்தி குறைந்தது. மெல்லிய ஒலியோடு இருந்தபோது கூடியது. இருட்டறையில் இருந்துவிட்டு வெயிலுக்கு வந்தால் கண் கூசுமல்லவா, அது போலத்தான்.

அதற்காகக் காதை அடைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. புல் வெட்டும் மிஷினை முதுகில் மாட்டியவர் கட்டாயம் காதுக் கவசம் போட வேண்டும். அந்த மிஷின் காதருகே 95 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். நம் ஆட்கள் காலை முழுக்க வெட்டுகிறார்கள்! செம்பனை ஆலையிலும், மேளத்துக்கு முன்னால் நிற்கும்போதும் கவசம் வேண்டும். சமையலறைக்கும், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும், மின்விசிறிச் சத்தத்துக்கும் வேண்டாம்.

இரவுதான் இவர்களுக்கு எமன். ஊர் அடங்கியதும் உள்ளிரைச்சல் தலைதூக்கும். கதவு, சன்னலெல்லாம் சாத்திப் பூரண அமைதியைத் தேடினால் இரைச்சல்தான் மிஞ்சும். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் காதில் குறையே தெரியாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்தபோது, அவர்களில் 94 விழுக்காட்டினர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ஆகவே இரவில் ஒரு மெல்லிய துணை ஒலி இருக்கட்டும். மின்விசிறி போதும். நிலையத்தை மாற்றி மாற்றித் திருகாமல் ரேடியோவை மிகத் தாழ்வாக வைக்கலாம். கைப்பேசியில் மழைச் சத்தம் இலவசமாகவே கிடைக்கிறது. தகரக் கூரையில் மழை பெய்த இரவுகளில் நன்றாகத் தூங்கியதாகச் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே நிறைய உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளிச்சத்தம் பட்டால் கிளம்பும் வகை இரைச்சல் உள்ளவர்களுக்கு இந்தத் துணை ஒலியே தொல்லையாகலாம். அவர்கள் காதுக்கு எட்டியும் எட்டாத அளவில், பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று தொடங்க வேண்டும். உள்ளிரைச்சலை அமுக்கிவிடலாம் என்று ஒலியை ஏற்றினால் இரண்டும் போட்டி போடும். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒலியின் வகையை மாற்றுங்கள். பலன் தெரிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். மனப்பயிற்சிச் சிகிச்சை இரைச்சலை நிறுத்தாது, அதனால் வரும் துன்பத்தைக் குறைக்கும். இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பாட்டிலில் விற்கும் காதிரைச்சல் மாத்திரைகளுக்கு அப்படி எந்த ஆதாரமும் இல்லை.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு மருமகள் காதைப் பொத்தினால் "நடிக்கிறாள்" என்கிறோம். பேரப்பிள்ளை கத்தும்போது தாத்தா எரிந்து விழுந்தால் "வயசாகிவிட்டது" என்கிறோம். இரத்தப் பரிசோதனையில் தெரியாத நோய், எக்ஸ்ரேயில் தெரியாத நோய் என்பதால் சொன்னவரை நம்புவதில்லை. மெல்ல மெல்ல அவர் கல்யாணத்துக்கு வரமாட்டார், கோயிலுக்கு வரமாட்டார், கடைசியில் அறையை விட்டே வரமாட்டார். தட்டு அடுக்கும் இடத்தில் ஒரு துணியை விரிப்பதற்கும், மிக்சி போடுமுன் "போடப் போறேன்" என்று குரல் கொடுப்பதற்கும் காசு செலவில்லை. எதிர்பாராமல் வரும் சத்தம்தான் அதிகம் தாக்கும்.

தோட்டத்திலும் செனாவாங் தொழிற்சாலைகளிலும் வேலை செய்வோருக்கு இன்னொன்று. 1989-ஆம் ஆண்டுச் சத்த விதிகள் தொழிற்சாலைகளை மையமாகக் கொண்டவை. 2019 ஜூன் 1-இல் அமலுக்கு வந்த புதிய விதிகள், விவசாயத்தையும் உள்ளடக்கும் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. நாளொன்றின் சத்த அளவு 82 டெசிபலைத் தாண்டும் வேலையிடம் என்றால் முதலாளி அதை அளந்து பார்க்க வேண்டும். 85-ஐத் தாண்டினால் தொழிலாளிக்கு ஆண்டுதோறும் செவிச் சோதனை செய்ய வேண்டும். வேலையிடச் சத்தத்தால் காது கெட்டால் அது பெர்கேசோ சட்டத்தில் தொழில்சார் நோயாகவே பட்டியலிடப்பட்டுள்ளது. 2019 ஜனவரி முதல் முறையாகப் பதிவு பெற்ற அந்நியத் தொழிலாளர்களுக்கும் பெர்கேசோ பாதுகாப்பு உண்டு. வேலை போய்விடுமோ என்று காது கேட்காததை மறைக்கும் அண்ணன்மார்களே, செவிச் சோதனைத் தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள். ஓய்வு பெற்ற பிறகு, எந்த வேலையில் காது போனது என்று நிரூபிக்க அந்தத் தாள் இல்லாமல் அலைவது மிகவும் சிரமம்.

கோயில் நிர்வாகத்தினரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். மேளமும் பாட்டும் இல்லாத திருவிழாவை நானும் விரும்பமாட்டேன். ஆனால் மேடையின் இரு பக்கமும் ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கி, அதற்கு நேர் எதிரே முதியோருக்கு நாற்காலி போடுகிறோம். நிகழ்ச்சி இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வரையறுத்திருக்கிறது. அதை அளக்கக் கைப்பேசிச் செயலியே தோராயமாக உதவும். அடுத்த திருவிழாவில் பெட்டிகளைக் கொஞ்சம் உயரத்தில் ஏற்றி வையுங்கள். முதியோரின் நாற்காலிகளைப் பின்வரிசைப் பக்கம் போடுங்கள்.