கஷாயமும் மாத்திரையும்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனை ஊழியர் சார்பில் ஆற்றிய உரை)



சென்ற கூடுகையில் ஒரு தாயார் எழுந்து, "மூலிகையில் என்ன கெடுதல் இருக்கப்போகிறது, ஐயா?" என்று கேட்டார்கள். நேரம் போதாமல் அன்று விட்டுவிட்டோம். இன்று பதில் சொல்லுகிறோம்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் வியாதியை உங்களில் அநேகர் அறிந்திருக்கமாட்டீர்கள். மின்கம்பியின்மேல் இருக்கும் உறையைப்போல நம் நரம்புகளுக்கும் ஒரு கொழுப்பு உறை உண்டு. சரீரத்தைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, மூளையிலும் தண்டுவடத்திலும் அந்த உறையை அரித்துவிடுகிறது. ஒருநாள் கண் மங்கும். சில மாதங்கள் கழித்துக் கால் மரத்துப்போகும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது, பெண்களுக்கே அதிகம். பூரண குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் 1993 முதல் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்திருக்கின்றன.

எங்களிடம் வந்த ஒரு சகோதரிக்கு டெரிஃப்ளுனமைடு என்ற மாத்திரை கொடுத்தோம். அது கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. ஆகையால் முதல் 6 மாதம் மாதந்தோறும் ரத்தம் பார்க்கவேண்டும்; அந்தச் செலவு உங்கள் காணிக்கையிலிருந்துதான் போயிற்று. நான்காம் மாதம் கல்லீரல் என்சைம் பல மடங்கு ஏறியிருந்தது. "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா, அம்மா?" என்று கேட்டோம். "இல்லை, டாக்டர்" என்றார்கள்.

மாத்திரையை நிறுத்தினோம். அது ரத்தத்தில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால், வெளியேற்ற 11 நாள் ஒரு தூள் மருந்தும் கொடுக்கவேண்டியிருந்தது. அப்போதுதான் உடனிருந்த மாமியார் சொன்னார்கள்: "காலையில் சீந்தில் கஷாயம் மட்டும்தான் கொடுக்கிறேன். எதிர்ப்புச் சக்திக்கு நல்லதாமே."

அந்தச் சகோதரி பொய் சொல்லவில்லை. நம் வீடுகளில் கஷாயத்தை யார் மருந்து என்கிறார்கள்? கேள்வியைத் தவறாகக் கேட்டவர்கள் நாங்கள்தான்.

கொரோனா காலத்தில், 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, மும்பையில் சீந்தில் குடித்த 6 பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் மறுவருடம் பதிவுசெய்தார்கள். எதிர்ப்புச் சக்தியே தன் சரீரத்தைத் தாக்கும் வகையான பாதிப்பு அது. எதிர்ப்புச் சக்தியை அடக்க மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அதைத் தூண்டும் மூலிகையையும் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப்பாருங்கள். எங்கள் சகோதரிக்குக் கெடுதல் செய்தது மாத்திரையா, கஷாயமா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆகவே அதே மாத்திரையைத் திரும்பக் கொடுக்கத் துணியவில்லை. வேறு மருந்து ஏற்பாடு செய்வதற்குள் வலது காலில் ஒரு தாக்குதல் வந்துவிட்டது.

சீந்தில் மட்டுமல்ல. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் மனச்சோர்வுக்கென்று அனுப்பும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற பூச்செடி மாத்திரை, கல்லீரலில் மற்ற மருந்துகளைச் சீக்கிரம் சிதைத்துவிடும். எய்ட்ஸ் மருந்து ஒன்றின் பலத்தை அது குறைக்கிறதென்று 2000-இல் அமெரிக்க அரசு எச்சரித்தது. கருத்தடை மாத்திரையையும் அது பலவீனப்படுத்தும். டெரிஃப்ளுனமைடு வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பதை நினைத்தால் ஆபத்து விளங்கும். தசை இறுக்கத்துக்கு பாக்லோஃபென் சாப்பிடுகிறவர் அமுக்கராவும் சேர்த்தால் மயக்கமும் தூக்கமும் கூடலாம். ஏற்கெனவே தள்ளாடுகிறவர் விழுந்துவிடுவார். ஸ்டீராய்டு ஏற்றும் நாட்களில் அதிமதுரம் ரத்தத்திலுள்ள பொட்டாசியத்தை இன்னும் இறக்கும்.

குழம்பில் போடும் மஞ்சளையும் மிளகையும் குறித்துப் பயப்படவேண்டாம். அவற்றின் சத்தைப் பிழிந்து குப்பியில் அடைத்த மாத்திரைகள் வேறு விஷயம். அதைப்போலவே, இதையெல்லாம் கேட்டுவிட்டு ஆங்கில மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பாக்லோஃபெனைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரக்கூடும்.

இப்போது எங்கள் நரம்பியல் பிரிவில், "வேறு மருந்து உண்டா?" என்ற கேள்வியை எடுத்துவிட்டோம். "கஷாயம், சூரணம், லேகியம், ஊரிலிருந்து வந்த குப்பி, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்" என்று சீட்டிலேயே எழுதிக்கொடுக்கிறோம். யாரையும் கடிந்துகொள்ளக் கூடாது என்று நர்சுகளுக்குக் கண்டிப்பாய்ச் சொல்லியிருக்கிறோம். கடிந்துகொண்டால் அடுத்த முறை பை வராது. (முதல் வாரம் ஒரு பெரியவர் ஊறுகாய் ஜாடியையும் சேர்த்துக் கொண்டுவந்தார்.)

அந்தச் சகோதரி இப்போது கைத்தடியுடன் நடக்கிறார்கள். மாமியார்தான் மாதாமாதம் பையைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறார்கள்.