நாற்பதும் தொண்ணூறும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"இத்தனை வருஷம் கடல்ல இருந்திருக்கியே, பசங்களுக்கு உருப்படியா ஏதாவது சொல்லு" என்றார் செயலாளர். பெரிய தத்துவம் எதுவும் என்னிடம் இல்லை. பழைய படகு எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் எந்த ஆயில் ஊற்றுவது என்று சொல்கிறேன். சிரிக்காதீர்கள். இந்த விஷயத்தில் நான் ஒரு மனிதரின் வேலையையே போக்கியிருக்கிறேன்.

1984-இல் அபுதாபி கடலில், எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்குச் சாமான் கொண்டுபோகும் படகில் ஜூனியர் இன்ஜினீயராக இருந்தேன். இரண்டு டெட்ராய்ட் டீசல் 12வி-71 எஞ்சின்கள். 1938-இல் வந்த டூ-ஸ்ட்ரோக் வரிசை அது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் எஸ்.ஏ.இ. 40, ஒற்றை கிரேடு ஆயில்தான். ஒருநாள் கியர்பாக்ஸில் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது, 40 தீர்ந்துவிட்டது. ஸ்டோரில் 90 கியர் ஆயில் இருந்தது.

ஆயில்மேன் நாகப்பட்டினத்துக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். "சார், இதுக்கு எஞ்சின் ஆயில்தான் ஊத்துவோம்" என்றார். "கியர்பாக்ஸ்னா கியர் ஆயில்தானேண்ணே? ஊத்துங்க" என்றேன். பட்டம் வாங்கிய திமிர்!

மூன்றாம் நாள் மேடையை நெருங்கும்போது கேப்டன் ரிவர்ஸ் போட்டார். எஞ்சின் உறுமியது, ப்ரொப்பெல்லர் சுற்றவில்லை. கிளட்ச் வழுக்கியது. மற்ற எஞ்சினை வைத்து, மேடையின் காலுக்குப் பத்தடி முன்னால் தப்பினோம்.

என் தப்பு எங்கே? 90 என்றால் 40-ஐப் போல் இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். 100 டிகிரி செல்சியஸில் எஞ்சின் ஆயில் 40-இன் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸ், கியர் ஆயில் 90 அதற்குப் பக்கத்திலேயே தொடங்குகிறது. வித்தியாசம் உள்ளே சேர்க்கும் மருந்தில். படகு கியர்பாக்ஸில் அதே ஆயில்தான் கிளட்ச் தட்டுகளை அழுத்துகிறது, குளிர்விக்கிறது. லாரி ஆக்சிலுக்கான கந்தக மருந்து அந்தத் தட்டுகளை வழுக்கவிடும். சூட்டில் வெண்கலத்தையும் அரிக்கும்.

15டபிள்யூ-40 ஊற்றலாமே என்பீர்கள். சூட்டில் அதுவும் 40-தான். ஆனால் அந்தக் கெட்டித்தன்மையில் ஒரு பங்கு பாலிமர் தருவது. பற்சக்கரங்களுக்கு இடையே அது நறுக்குப்பட்டு, ஆயில் இளகிவிடும். அதனால்தான் இந்த மாதிரிப் பழைய எஞ்சின்களுக்கு ஒற்றை கிரேடு கேட்டார்கள். அதற்காக எல்லாவற்றுக்கும் 40 என்று பிடித்துக்கொள்ளாதீர்கள். வெல்வெட் டிரைவ் கியர்பாக்ஸ் ஏ.டி.எஃப். ஆயிலிலேயே ஓடும், அது 30-ஐவிட மெல்லிசு.

இன்னொன்று. "பழைய எஞ்சின், கெட்டி ஆயில் போடு" என்பார்கள். பேரிங் தேய்ந்து பிரஷர் குறைந்தால், கெட்டி ஆயில் கேஜ் முள்ளைத்தான் தூக்கும், பேரிங்கை வளர்க்காது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே போய்ச் சேரவும் தாமதமாகும். முதலில் கையேட்டைப் பாருங்கள், எஞ்சின் பெயர்த்தகட்டைத் துடைத்துப் படியுங்கள், ஓடும் சூட்டை அளந்து பாருங்கள். அப்புறம் டப்பாவைத் திறங்கள்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். விசாரணையில் "ஆயில் ஊற்றியது யார்?" என்றார்கள். ஊற்றியவர் அவர், ஊற்றச் சொன்னவன் நான். நான் வாயைத் திறக்கவில்லை. அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துத்தான் உண்மையை எழுதிக் கொடுத்தேன். திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை. லீவில் வந்தபோது வீடு தேடிப் போனேன். காபி கொடுத்து, "இப்ப என்ன ஆயில் சார் ஊத்துறீங்க?" என்று கேட்டார். "நாற்பதுதாண்ணே" என்றேன். வேறொன்றும் பேச முடியவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, நாளைக்கு உங்களுக்குக் கீழே வேலை செய்பவர் "சார், இது வேண்டாம்" என்றால், ஒரு நிமிஷம் நில்லுங்கள். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.